மூன்று விநாடிப் பொறுமை

சொல்லி என்ற செயலியைத் திறந்ததும் திரையின் மேற்புறத்தில் ஒரு மஞ்சள் வரி வரும். "பொறு என்ற நிரலகம் கைவிடப்பட்டுவிட்டது. விரைவில் இது இயங்காது. மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்." ஆறு வருடமாக வந்துகொண்டிருந்த வரி. இதற்குச் செயலியின் பராமரிப்பாளர்கள் மூவரும் கூடிப் பேசி ஒருமனதாக ஒரு தீர்வு கண்டார்கள். வரியின் நிறத்தை மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற்றினார்கள். திரையும் வெள்ளை என்பதால் அதற்குப் பிறகு யாருக்கும் தொந்தரவு இல்லை.

மூவரில் முதல் ஆள் இளம்பரிதி. கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மென்பொருள் எழுதுகிறவன். இரண்டாவது ஃபர்ஹானா, ஆம்பூரில் வீட்டிலிருந்தபடியே எங்கோ இருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கு உழைக்கிறவள். மூன்றாமவர் நார்வேயில் இருந்தார். அவரை இவர்கள் பார்த்ததில்லை. எந்தத் தீர்மானம் போட்டாலும் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இணையத்தில் கூட்டம் நடக்கும். கூட்டத்தின் கடைசி விஷயம் எப்போதும் பொறுதான். "அடுத்த வெளியீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டுக் கலைவார்கள். நார்வேயில் கட்டைவிரல் உயரும்.

சொல்லி இலவசம். நோயால் பேச்சும் கைகால்களும் போனவர்களுக்காக எழுதப்பட்டது. திரையில் எழுத்துகள் இருக்கும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தால் கேமரா கவனித்து வாக்கியமாக்கும், வாக்கியத்தைக் குரலாக்கும். இதில் இவர்கள் மூவரும் எழுதியது கொஞ்சம்தான். மீதி, உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்துவிட்டுப் போன நிரலகங்கள், லைப்ரரி என்று சொல்லப்படும் ஆயத்த நிரல்கள். அதில் தப்பில்லை. சாம்பார் வைக்கிறவர்கள் யாரும் பெருங்காயத்தை வீட்டில் செய்வதில்லை. பெருங்காயக் கம்பெனியை மூடினால்தான் சாம்பார்க்காரர்களுக்கு யோசனை வரும்.

பொறுவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. எதிரில் இருப்பவர் எழுதி முடிக்கும்வரை அது சும்மா இருக்கும். பத்து நிமிடமானாலும் இருக்கும், அரை நாளானாலும் இருக்கும். இதை எழுதியவர் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். காலமும் வேறு திசையில் போய்விட்டது. மனிதர்களுக்காகக் கணினிகள் காத்திருப்பதில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்று யாரோ கணக்குப் போட, கணினிக் கம்பெனிகளெல்லாம் கூடி ஒரு விதி செய்திருந்தன. எந்த நிரலும் ஒரு மனிதருக்காக மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது. அதற்குள் அவர் முடிக்காவிட்டால் நிரலே முடித்துவைக்க வேண்டும்.

மக்கள் இதை எதிர்த்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு எழுத்து தட்டினால் போதும், மீதியைக் கணினி எழுதிக்கொடுத்தது. பிறந்தநாள் வாழ்த்து, கடன் விண்ணப்பம், சொந்தக்காரர் சாவுக்கு அனுப்பும் இரங்கல் எல்லாம் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தன. எல்லாருடைய துக்கமும் ஒரே மாதிரி இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் நாள் குறித்துவிட்டார்கள். கணினிகளுக்கு வரும் அடுத்த புதுப்பிப்போடு பொறு நின்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை.

"முந்தின்னு ஒரு லைப்ரரி இருக்கு. எல்லாரும் அதுக்குத்தான் மாறிட்டு இருக்காங்க" என்றான் பரிதி. "மூணு செகண்டுக்குள்ள அதுவே வாக்கியத்த முடிச்சுக் குடுத்துரும். நம்ம ஆப்ல ஒட்டிப் பாத்தேன். டெஸ்ட் எல்லாமே பாஸ்."

"டெஸ்ட்ல என்ன பாத்த?"

"வாக்கியம் வருதான்னு. இலக்கணம் சரியா இருக்கான்னு. குரல் கேக்குதான்னு."

"யாரோட வாக்கியம்னு பாத்தியா?"

பரிதி பதில் சொல்வதற்குள் ஃபர்ஹானாவே தொடர்ந்தாள். "காத்திருக்கிறதுதானே பரிதி நம்ம ஆப்பு. மத்ததெல்லாம் அலங்காரம்தான். அத எடுத்துட்டா என்ன மிஞ்சும்?"

"மாத்தலேன்னா ஆப்பே ஓடாது. அப்ப சுத்தமாப் பேச முடியாம உக்காந்திருப்பாங்க. அது பரவாயில்லயா?"

அவளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் வேலை தலைக்கு மேல் கிடந்தது. சரி என்று சொல்லிவிட்டாள். கட்டைவிரல் உயர்ந்தது.

புதிய பதிப்பு வந்த வாரத்திலிருந்து பாராட்டு கொட்டியது. ஒன்பது வருடத்தில் சொல்லிக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்ததில்லை. "என் மாமியார் இப்போதெல்லாம் கலகலப்பாகப் பேசுகிறார்" என்று ஒரு மருமகள் எழுதியிருந்தாள். "அப்பாவுக்குக் கோபமே வருவதில்லை" என்று ஒரு மகன். எல்லாவற்றுக்கும் மேலாக உடுமலைப்பேட்டை குணவதி டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

குணவதி டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. நரம்பு நோயில் உடம்பு முழுவதும் ஓய்ந்து, கண் மட்டும் மிஞ்சியவர். சொல்லியில் எங்கே தவறு இருந்தாலும் பிழை அறிக்கை அனுப்பிவிடுவார். கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஓர் அறிக்கை எழுத அவருக்கு அரை நாள் ஆகும். அந்த உழைப்பெல்லாம் வசையாகத் தெரியும். "உங்கள் ழகரம் திரையின் மூலையில் இருக்கிறது. என் கண் அங்கே எட்டவில்லை. வைத்தவருக்குக் கண் இருக்கிறதா?" என்று ஒருமுறை எழுதியிருந்தார். "போன பதிப்பைவிட இது மோசம். எப்படி முடிந்தது?" என்று இன்னொரு முறை. பரிதிக்கு அவரிடம் பயம், அந்தப் பயத்துக்குள் ஒரு பாசமும் உண்டு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் இதற்கு டீச்சர் என்ன சொல்வார் என்றுதான் யோசிப்பான்.

இப்போது வந்த கடிதத்தில் இருந்தது இதுதான். "மிகவும் அருமையாக உள்ளது. உங்கள் சேவைக்கு மனமார்ந்த நன்றி. மேலும் வளர வாழ்த்துகள்."

பரிதி அதைப் படமெடுத்து ஃபர்ஹானாவுக்கு அனுப்பினான். உடனே அவள் அழைத்தாள்.

"டீச்சரா வாழ்த்துனாங்க? உடம்புக்கு எதுவும் ஆயிடலயே?"

"ஒருதடவ பாராட்டக் கூடாதா?"

"எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றாள் அவள். பரிதிக்கு எரிச்சல் வந்தது. ஒன்பது வருடம் திட்டு வாங்கியவனுக்கு ஒரு வாழ்த்தை அனுபவிக்கக்கூட உரிமை இல்லையா என்று நினைத்தான்.

இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் கட்டற்ற மென்பொருள் மாநாடு வந்தது. மேடையில் காட்ட, பயனாளர் ஒருவர் பேசும் வீடியோ வேண்டும். பரிதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உடுமலைக்குப் பஸ் ஏறினான்.

டீச்சரின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. கீழே உரக்கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேலே இவர்கள். கதவைத் திறந்தவர் டீச்சரின் கணவர் நாச்சிமுத்து, கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரிலிருந்து மகன் தரணிதரனும் வந்திருந்தான்.

"வாங்க தம்பி, வாங்க. உங்களத்தான் கும்புடோணும்" என்றார் நாச்சிமுத்து. "உங்க புதுசு வந்ததுக்கப்புறம் டீச்சர் நெம்ப மாறிட்டாங்க." ஊரே டீச்சர் என்று கூப்பிட்டதால் அவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகியிருந்தார்.

"நாளைக்கு வீட்டைப் பத்திரம் பண்றோமுங்க" என்றான் தரணி. "வீடு அம்மா பேர்ல இருக்குது. வித்துட்டு ரெண்டு பேரும் எங்கூட பெங்களூர் வந்துருங்கன்னு ஒரு வருசமாச் சொல்லிட்டிருந்தேன். கேட்டாலே வேண்டாம்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க. உங்க புது வெர்சன் வந்த வாரமே சரின்னுட்டாங்க. என் அப்பார்ட்மென்ட்டுக்குப் பக்கத்துல ஒரு பராமரிப்பு இல்லம் பாத்து வெச்சிருக்கேன். அதுக்கும் சரின்னுட்டாங்க."

பரிதிக்கு அந்த வாழ்த்துக் கடிதம் ஞாபகம் வந்தது. அவர்களோடு உள் அறைக்குப் போனான்.

டீச்சர் சாய்வுக் கட்டிலில் கிடந்தார். எதிரே திரை, திரைக்குப் பின்னால் சன்னல், சன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அறை புழுங்கியது. ஒரே ஒரு மேசைக் காற்றாடி நாச்சிமுத்துவின் நாற்காலியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாங்க தம்பி. பயணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா? காபி சாப்பிடறீங்களா?" என்றது திரை. இனிய குரல். டீச்சரின் கண்கள் பரிதியை நேராகப் பார்த்தன. அந்தக் கண்ணில் காபி வேண்டுமா என்று கேட்கிற சாடை எதுவும் இல்லை.

அவன் மெதுவாகக் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், அங்கிருந்து திரையைப் பார்த்தான். குரல் வருகிற பெட்டியைத்தான் வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, எழுத்து வரும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. டீச்சரின் பார்வை எழுத்துகளின் மேல் ஊர்ந்து, பாடுபட்டு 'வே' என்ற எழுத்தை எடுத்தது. அடுத்த எழுத்தைத் தேடிப் போவதற்குள் மூன்று விநாடி முடிந்தது.

"வேற ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்கெல்லாம் நல்லா இருந்தாப் போதும்" என்றது திரை.

"பாத்தீங்களா?" என்று நாச்சிமுத்து பூரித்தார். "முப்பத்தெட்டு வருசத்துல இப்படி ஒரு வார்த்த நான் கேட்டதில்லீங்க."

மறுபடியும் 'வே'. மறுபடியும் "வேற ஒண்ணும் வேண்டாமுங்க." டீச்சர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மூன்று விநாடி கழித்துத் திரை சொன்னது: "எனக்குத் தூக்கம் வருதுங்க. நீங்க சாப்ட்டுட்டுப் படுங்க." மூடிய இமையின் ஓரத்தில் நீர் வழிந்தது.

"அது இந்த நோவுல அப்படித்தான் வடியுமாம். டாக்டர் சொன்னார்" என்றான் தரணி.

பரிதிக்கு எல்லாம் புரிந்தது. இந்த ஊரில், இந்த வயதில், இப்படி ஒரு வீட்டில் இருக்கும் பெண்மணி என்ன சொல்வாள் என்று முந்தி லட்சக்கணக்கான பெண்களின் பேச்சைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தது. அதைத்தான் டீச்சரின் குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சர் இதைப் பற்றிப் புகார் எழுதியிருந்தால், அந்தப் புகாரும் இதே வழியாகத்தான் வந்தாக வேண்டும். வந்தது. வாழ்த்துக் கடிதமாக வந்தது.

அவன் அவர்கள் இருவருக்கும் முடிந்தவரை எளிமையாகச் சொன்னான். "ஐயா, இப்ப பேசறது டீச்சர் இல்லீங்க. அவங்க மொத எழுத்த எடுத்தவொடனே மிச்சத்த கம்ப்யூட்டரே சொல்லிக்குது. முன்னாடி இருந்தது காத்திருக்கும். இது காத்திருக்காது. நாங்கதான் மாத்துனோம்."

தரணியின் முகம் இறுகியது. "அம்மா, இவர் சொல்றது நெசமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. நீ சொன்னாச் சரி" என்றது திரை.

"கேட்டுட்டீங்களா?" என்றான் தரணி. "தம்பி, நீங்க வீடியோ எடுக்க வந்தீங்க. எடுத்துக்குங்க. எங்க வீட்டு விசயத்துல தலையிடாதீங்க."

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஒரு வருடமாக அம்மாவிடம் கெஞ்சி, கடைசியில் ஒரு சம்மதம் வாங்கியவன். அது பொய் என்று எவனோ வந்து சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்.

பரிதி வெளிவராந்தாவுக்கு வந்து ஃபர்ஹானாவை அழைத்தான். விஷயத்தைச் சொன்னான். "பழைய பதிப்பைத் திரும்பப் போட முடியாதா?" என்று கேட்டாள் அவள்.

"சிஸ்டம் விடாது. மூணு செகண்டு அசைவு இல்லேன்னா முடிச்சுவைக்கச் சொல்லி முந்தியக் கூப்புட்டுருது."

"அசைவுன்னா? எந்த அசைவா இருந்தாலும் பரவாயில்லயா?"

"கீபோர்டு, மவுஸ், எதுனாலும் சரி. கண்ணு அசையறது மட்டும் கணக்குல வராது. ஆனா நாம புரோகிராம்ல பொய்யா அசைச்சாக் கண்டுபிடிச்சுரும்."

"புரோகிராம் நடிச்சாத்தான் கண்டுபிடிக்கும். சாமான் நடிச்சா?" என்றாள் ஃபர்ஹானா. "எங்க ஆபீஸ்ல வீட்டுலேர்ந்து வேலை செய்றவங்க சீட்ல இருக்காங்களான்னு மவுஸ் அசையுறத வெச்சுத்தான் பாப்பாங்க. பாதிப் பேர் மவுஸ டேபிள் ஃபேன்ல கட்டிவெச்சுட்டுச் சமைக்கப் போயிடுவோம். இத்தன வருஷமா ஒருத்தரும் மாட்டல."

பரிதி உள்ளே திரும்பிப் போனான். அவன் பையில் ஒரு மவுஸ் இருந்தது. நாச்சிமுத்துவின் நாற்காலிக்கு எதிரே இருந்த காற்றாடியைத் தூக்கி மேசை ஓரத்தில் சுவரைப் பார்த்து வைத்தான். அதன் தலை இடமும் வலமும் திரும்பும்போது மவுஸை இழுத்துக்கொண்டு போகும்படி ஒரு நாடாவால் கட்டினான். காற்றாடி திரும்பியது. மவுஸ் மேசைமேல் போவதும் வருவதுமாக இருந்தது. ஒன்பது வருட மென்பொருள் உழைப்பு கடைசியில் ஒரு நாடாவில் வந்து நின்றதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"டீச்சர், இப்ப சொல்லுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றான்.

கண் 'வே'யில் நின்றது. மூன்று விநாடி கடந்தது. திரை வாயைத் திறக்கவில்லை. தரணி நிமிர்ந்து உட்கார்ந்தான். வேண்டாம் என்றுதான் வரப்போகிறது, இரண்டு மாதமாக இந்த அம்மா கதறிக்கொண்டிருந்தது இந்த வீட்டை விற்க வேண்டாம் என்றுதான், அதை நான் மீட்டுக் கொடுத்துவிட்டேன் என்று பரிதி தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்து 'ர்' வந்தது. பிறகு 'க்'. காற்றாடி பலமுறை போய் வந்தது. கடைசியில் பழைய, கறாரான தமிழில் டீச்சர் பேசினார்.

"வேர்க்கிறது. இரண்டு மாதமாக வேர்க்கிறது. காற்றாடியை என் பக்கம் திருப்பு."

நாச்சிமுத்து தன் நாற்காலியையும் காற்றாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "தெனமும் கேட்டனே டீச்சர், காத்து வேணுமான்னு" என்றார். "எனக்கு எதுக்குங்க, நீங்க போட்டுக்குங்கன்னு சொன்னீங்களே." சொல்லும்போதே அதைச் சொன்னது யாரென்று அவருக்கு உறைத்தது. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தரணி எழுந்து போய், இன்னொரு காற்றாடியைக் கூடத்திலிருந்து எடுத்து வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக வைத்தான். டீச்சர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் காற்று வாங்கினார். இப்போது திரை அவரைத் தூங்க அனுப்பவில்லை.

"அம்மா, வீட்டு விசயம்..." என்று ஆரம்பித்தான் தரணி.

"நாளை பதிவு அலுவலகத்தில் சொல்கிறேன். கண் வலிக்கிறது" என்றார் டீச்சர். அதற்கே வெகுநேரம் ஆகியிருந்தது.

பரிதி அன்று ஊருக்குத் திரும்பவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கினான். வீடு போய்விடாமல் டீச்சரைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. மாநாட்டில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டான்.

மறுநாள் பதிவு அலுவலகத்துக்கு அவர்கள் போன காட்சியை ஊர் நின்று பார்த்தது. முன்னால் சக்கர நாற்காலியில் டீச்சர். அவரைத் தள்ளிக்கொண்டு தரணி. கணினியோடு பரிதி. பின்னால் மேசைக் காற்றாடியை நெஞ்சோடு அணைத்தபடி நாச்சிமுத்து. வீட்டை வாங்கவிருந்த ஜவுளிக்கடைக்காரர் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்.

"இது எதுக்குங்க?" என்று சார்பதிவாளர் காற்றாடியைக் காட்டிக் கேட்டார்.

"அவங்க பேசறதுக்குங்க" என்றார் நாச்சிமுத்து. இதற்கு மேல் எப்படி விளக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. சார்பதிவாளரும் விளக்கம் கேட்கவில்லை. காற்றாடியின் பிளக்கைச் சுவரில் சொருகினார்கள். அது மவுஸை இழுக்கத் தொடங்கியது.

"குணவதி அம்மா, இந்த வீட்டை இவருக்கு விக்க உங்களுக்கு முழுச் சம்மதமா?" கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சரின் கண் எழுத்துகளின் மேல் நகர்ந்தது. 'வி' வந்தது. சார்பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே டோக்கன் வாங்கியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "சம்மதம்தானுங்களே? சம்மதம்னு போட்டுக்கறேன். பின்னாடி கூட்டம் நிக்குது பாருங்க."

"சார், அவங்களே சொல்லட்டும்" என்றான் பரிதி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. கணினிக்குப் பேட்டரி இருந்தது. காற்றாடிக்கு இல்லை. அதன் தலை பாதித் திரும்பலில் தயங்கி நின்றுகொண்டிருந்தது. பரிதி பாய்ந்தான். ஆனால் அதற்கு முன்பே நாச்சிமுத்துவின் கை நாடாவை உருவிவிட்டு மவுஸைப் பிடித்திருந்தது. மேசைமேல் அதை இடமும் வலமும் தள்ளத் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் மவுஸைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"மெதுவா சொல்லுங்க டீச்சர். நான் இருக்கறேன்" என்றார்.

புழுக்கமான அந்த அறையில் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'விற்க' என்று ஆனது. மாட்டேன் என்று அடுத்து வரும் என்று பரிதி காத்திருந்தான். 'விற்கச் சம்' என்று வந்தபோது திடுக்கிட்டு நாச்சிமுத்துவின் கையைப் பார்த்தான். கை நிற்கவில்லை, போய் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் இது முந்தியின் வேலை இல்லை. டீச்சரின் சொந்த வார்த்தைதான். அவனுக்கு உண்மையிலேயே ஏமாற்றமாக இருந்தது. காப்பாற்ற வந்தவனுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

"விற்கச் சம்மதம்" என்று படித்த சார்பதிவாளர் பேனாவை எடுத்தார். "அவ்வளவுதானுங்களே?"

"இன்னும் முடிக்கலீங்க" என்றார் நாச்சிமுத்து. கை வலித்தது போலிருக்கிறது, தோளைக் குலுக்கிக்கொண்டார். தரணி நெருங்கி, "நான் பண்றேனுங்கப்பா" என்று மவுஸை வாங்கிக்கொண்டான். கரண்ட் வந்த பிறகும் அவன் அதைக் காற்றாடியிடம் கொடுக்கவில்லை.

டீச்சர் முடித்தபோது சார்பதிவாளரே தன் நாற்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"விற்கச் சம்மதம். பெங்களூருக்கு வர மாட்டேன். இதே ஊரில் கீழ்வீடு வேண்டும். தெருவைப் பார்த்த சன்னல் வேண்டும். சுவரைப் பார்த்துச் சலித்துவிட்டது. போன வருடமும் இதைத்தான் சொல்ல வந்தேன். வேண்டாம் என்று முதல் வார்த்தை வந்ததும் எல்லாரும் எழுந்து போய்விட்டீர்கள்."

போன வருடம் பொறு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. தரணி மவுஸைத் தள்ளுவதை நிறுத்தாமல், "வேற ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

அடுத்த மாதமே கணினிகளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. ஒரே சீராக ஆடும் மவுஸ் மனிதர் கையில் இல்லை என்று அது கண்டுபிடித்துவிட்டது. மனிதக் கை தயங்குமாம், நடுங்குமாம், ஒருமுறை போன மாதிரி மறுமுறை போகாதாம். காற்றாடியும் கைவிடப்பட்ட நிரலகங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பரிதி புதிய பதிப்பின் குறிப்பை வாசித்தான். "தேவையானவை: கேமரா உள்ள கணினி ஒன்று, மவுஸ் ஒன்று, மவுஸை அசைக்க ஓர் ஆள்."

"ஆளையெல்லாம் டிபென்டென்சின்னு போட முடியுமா?" என்றாள் ஃபர்ஹானா.

"எப்பவுமே அது தேவைப்பட்டுச்சு. நாமதான் எழுதாம விட்டுட்டோம்."

"ஆள் இல்லாத வீட்ல?"

அப்படிப்பட்ட வீடுகளில் முந்திதான் இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கும். அந்த வீடுகளிலிருந்துதான் இன்னும் பாராட்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாராட்டையும் படிக்கும்போது இதை எழுதியது யார் என்றுதான் பரிதி இப்போது யோசித்தான். மேலே இருந்த எச்சரிக்கை வரியை வெள்ளையிலிருந்து மறுபடி மஞ்சளாக்கினான். "இப்போது பேசுவது இவர் அல்ல" என்று மவுஸ் நின்றதும் திரை நிறையத் தெரியும்படி எழுதினான். இதனால் சொல்லியின் மதிப்பெண் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கியது.

சில வாரம் கழித்து உடுமலையிலிருந்து ஒரு பிழை அறிக்கை வந்தது. குணவதி டீச்சர் அரை நாள் செலவழித்து எழுதியிருந்தார்.

"நீங்கள் புதிதாகச் சேர்த்திருக்கும் ஆள் என்ற உறுப்பில் கோளாறு உள்ளது. என் வீட்டில் இருப்பது மதியம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறது. மவுஸ் நின்றுவிடுகிறது. மூன்று விநாடியில் உங்கள் முந்தி என் குரலில், 'நீங்க சாப்ட்டீங்களா, களைப்பா இருக்குதுங்களா' என்று கேட்கிறது. முப்பத்தெட்டு வருடத்தில் நான் அப்படிக் கேட்டதில்லை. அதனால் அவர் பதறி எழுந்து மவுஸைப் பிடித்துக்கொள்கிறார். இதைச் சரிசெய்துவிடாதீர்கள். இப்போது சன்னலுக்கு வெளியே ஒரு மாடு போகிறது."

பரிதி அதை இரண்டு முறை படித்தான். கடைசி வாக்கியத்துக்கும் பிழைக்கும் சம்பந்தம் இல்லை. அவர் பாட்டுக்குச் சொல்லியிருந்தார். அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடச் சந்தோஷமாக இருந்தது. அறிக்கையை மூடும்போது காரணம் கேட்கும் இடத்தில் "சரிசெய்யத் தேவையில்லை" என்பதைத் தேர்ந்து, மற்ற இருவரின் ஒப்புதலுக்கு அனுப்பினான்.

ஃபர்ஹானாவின் பதில் சாயங்காலம்தான் வந்தது. டீச்சருடைய மாட்டைப் பற்றி அவள் ஒரு பத்தி எழுதியிருந்தாள்.

நார்வேயிலிருந்து கட்டைவிரல் மூன்றாவது விநாடியில் வந்திருந்தது.